வரைபடத்தில் நாம் எங்கே இருக்கிறோம்?

(தோட்டத்து, கம்பத்துக் குடும்பங்களுக்காகக் கோயில் மண்டபம் ஒன்றில் நடைபெற்ற சட்ட விளக்கக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அந்த நாளிலும் இத்தனை பேர் வந்து தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே மேடைப் பேச்சு பேசி உங்கள் நேரத்தை வீணாக்க நான் விரும்பவில்லை. ஒரே ஒரு விசயத்தைச் சொல்லிவிட்டு, அதற்கு என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

நான் லயத்து வீட்டில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டியவர். அம்மா களைக்கொல்லி மருந்து அடித்தவர். இந்த வாழ்க்கை எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. ஆனால் இன்று நான் பேசப் போகும் விசயம், சட்டம் படித்த எனக்கே வெகு நாள் புரியாமல் இருந்தது. புரியாததால் ஒரு வழக்கில் தோற்றேன். முதலில் அந்தக் கதையைச் சொல்கிறேன்.

"இது எப்ப முடிவாச்சு, தம்பி?"

2000-களின் நடுவில், நான் வழக்கறிஞராகப் பதிவு பெற்ற புதிதில், ஒரு தோட்டத்திலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் என்னிடம் வந்தார்கள். மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நிர்வாகம் கடிதம் கொடுத்திருந்தது. செம்பனை மரங்கள் வெட்டப்பட்டு அங்கே வீடமைப்புத் திட்டம் வரப் போகிறது என்றார்கள். கோயிலும் போக வேண்டும். வந்தவர்களில் ஒரு பாட்டி, எழுபது வயதுக்கு மேலிருக்கும், கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இது எப்ப முடிவாச்சு, தம்பி?"

நான் அந்தக் கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடிதத்தில் இருந்த தேதியைத்தான் பார்த்தேன். வழக்கு அந்தத் தேதியில் தொடங்குகிறது என்று நினைத்தேன். நீதிமன்றத்துக்கு ஓடினேன், தடையுத்தரவு கேட்டேன்.

பிறகு ஊராட்சி மன்றத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய்க் கோப்பைக் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. மேம்பாட்டாளருக்குத் திட்ட அனுமதி கிடைத்து ஓர் ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தோட்டம் முழுவதும் வரைபடத்தில் நிறம் மாறியிருந்தது. விவசாய நிலமாக இருந்தது, எதிர்கால வீடமைப்பு நிலம் ஆகிவிட்டது. அந்த வரைபடம் மன்றத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பத்திரிகையில் அறிவிப்பும் வந்திருக்கிறது. ஆட்சேபம் தெரிவிக்கக் காலக்கெடுவும் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு கடிதம்கூடப் போகவில்லை.

"பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுக்கவில்லையா?" என்று கேட்டேன். பக்கத்து நிலமும் அதே நிறுவனத்துடையது. தானே தனக்கு எதிராக ஆட்சேபம் தெரிவிக்குமா?

வழக்கு முடிந்தது. குடும்பங்களுக்குக் கொஞ்சம் இழப்பீடு கிடைத்தது. கோயிலுக்கு ஒரு மூலையில் இடம் கொடுத்தார்கள், கழிவுநீர்க் குளத்துக்குப் பக்கத்தில். பாட்டி புதிய அடுக்குமாடி வீட்டுக்குப் போய் இரண்டு ஆண்டில் காலமாகிவிட்டார். அவர் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முடிவு எடுக்கும் மேசைகள்

நம் மக்கள் பொதுவாக என்ன நினைக்கிறார்கள்? முதலாளி நிலத்தை விற்றுவிட்டார், வாங்கியவர் நம்மை விரட்டுகிறார். அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். இல்லை. நிலம் கைமாறினால் மட்டும் தோட்டம் பட்டணம் ஆகிவிடாது. அதற்குப் பல மேசைகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது.

முதலில், விற்பனை. 40 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட தோட்ட நிலத்தை விற்க, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். இது ஏன் வந்தது? சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். ஆயிரக்கணக்கான நம் மக்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். அந்தக் கொடுமையைப் பார்த்துத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். தோட்டங்கள் துண்டாடப்படுவதைக் கட்டுப்படுத்தத்தான் இந்தப் பிரிவு. ஆனால் அங்கே மனு போடுபவர்கள் விற்பவரும் வாங்குபவரும். அங்கே வசிப்பவர் மனுதாரர் அல்ல.

இரண்டாவது, நிலத்தின் வகை. நம் நாட்டில் நிலப்பட்டாவில் விவசாயம், கட்டடம், தொழில்துறை என்று வகை குறிக்கப்படும். விவசாய நிலத்தில் வீடு கட்டி விற்க வேண்டுமானால் 124-ஆவது பிரிவின் கீழ் அந்த வகையை மாற்ற வேண்டும். மாற்றும் அதிகாரம் மாநில அரசாங்கத்துடையது. மாற்றும்போது மாநிலத்துக்குப் பிரிமியம் கட்ட வேண்டும். நிலம் மாநில அரசாங்கத்துக்கு ஒரு முக்கிய வருமானம். தோட்டம் தோட்டமாகவே இருந்தால் அந்தப் பணம் வராது. இதை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். யார் ஆட்சியில் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

மூன்றாவது, வரைபடம். இதுதான் இன்றைய முக்கிய விசயம். தீபகற்ப மாநிலங்களுக்கு 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் இருக்கிறது. சட்டம் 172 என்பார்கள். அதன்படி மாநிலம் முழுவதற்கும் ஒரு கட்டமைப்புத் திட்டம் போடப்படும். அதற்குக் கீழே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் உள்ளூர்த் திட்டம். மலாயில் ரஞ்சாங்கான் தெம்பாத்தான். இந்த உள்ளூர்த் திட்டத்தில்தான் எந்தத் துண்டு நிலம் எதற்கு என்று நிறம் போட்டு வரைந்து வைப்பார்கள். இதைத் தயாரிப்பது ஊராட்சி மன்றம். இறுதி ஒப்புதல் கொடுப்பது மாநிலத் திட்டக் குழு. அதன் தலைவர் மந்திரி பெசார் அல்லது முதலமைச்சர். மற்றவர்களில் பெரும்பாலோர் மாநிலச் செயலாளர், நில இலாகா இயக்குநர், பொதுப்பணி இயக்குநர் போன்ற அதிகாரிகள்.

நான்காவது, திட்ட அனுமதி. மலாயில் கெபெனாரான் மெரஞ்சாங். இது இல்லாமல் யாரும் மேம்பாட்டு வேலையைத் தொடங்கக் கூடாது. ஊராட்சி மன்றங்களில் 2007-இல் கொண்டுவரப்பட்ட ஓஎஸ்சி எனும் ஒரே முகப்பிட முறையில், மன்றத் தலைவரின் தலைமையில் உள்ள குழு இந்த மனுக்களைப் பரிசீலிக்கிறது. 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட புதிய நகரம் அல்லது பத்தாயிரம் பேருக்கு மேல் குடியேறும் புதிய நகரம் என்றால், மாநிலத் திட்டக் குழு வழியாகத் தேசியத் திட்டமிடல் மன்றத்தின் ஆலோசனையும் பெற வேண்டும்.

இத்தனை மேசைகளையும் தாண்டிய பிறகுதான் உங்கள் கைக்குக் காலி செய்யும் கடிதம் வருகிறது. நாம் கூட்டம் போட்டு, பதாகை பிடித்து, பத்திரிகைக்காரர்களை அழைப்பது இந்தக் கடைசிக் கட்டத்தில். 2009-இல் பினாங்கு கம்போங் புவா பாலாவில் என்ன நடந்தது? தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து, பழமரம் வைத்து வாழ்ந்த மக்கள். நாடே அவர்களைப் பற்றிப் பேசியது. கூட்டரசு நீதிமன்றம் வரை போனார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன. அந்த நிலத்தைப் பற்றிய முடிவுகள் பல ஆண்டுகளுக்கு முன்பே அலுவலகங்களுக்குள் எடுக்கப்பட்டு விட்டன. புல்டோசரை நிறுத்தலாம். கெஜட் ஆகிவிட்ட காகிதத்தை நிறுத்துவது மிகக் கடினம்.

சட்டம் யாரை "பக்கத்து வீட்டுக்காரர்" என்கிறது?

இப்போது ஒரு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

திட்ட அனுமதி மனு வரும்போது, அந்த வட்டாரத்துக்கு உள்ளூர்த் திட்டம் இல்லையென்றால், பக்கத்து நிலங்களின் உரிமையாளர்களுக்கு மன்றம் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அவர்கள் கேட்டுக்கொண்டால் அவர்களை அழைத்து விசாரிக்கவும் வேண்டும். இது 21-ஆவது பிரிவு.

நல்ல சட்டம்தானே என்று தோன்றும். ஆனால் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை: "உரிமையாளர்" என்றால் நிலப்பட்டாவில் பெயர் உள்ளவர் மட்டும். மூன்று தலைமுறையாக அதே லயத்தில் இருப்பவர் உரிமையாளர் அல்ல. நூறு ஆண்டுக் கோயிலின் நிர்வாகக் குழு உரிமையாளர் அல்ல. வாடகைக்கு இருப்பவர் அல்ல. புறம்போக்கில் வீடு கட்டியவர் அல்ல. அடுத்த சாலையில் தாமானில் வீடு வாங்கியவருக்கு, அவர் போன மாதம் குடி வந்திருந்தாலும், நோட்டீஸ் போகலாம். நிலத்தின் நடுவிலேயே பிறந்து வளர்ந்தவருக்குப் போகாது. அனுமதியை எதிர்த்து மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகும் உரிமையும் அதே உரிமையாளருக்குத்தான்.

இரண்டாவது ஓட்டை: உள்ளூர்த் திட்டம் ஏற்கனவே இருக்கும் வட்டாரத்தில், இந்த 21-ஆவது பிரிவின்படி அந்த நோட்டீஸ்கூடக் கட்டாயமில்லை. ஏன்? "வரைபடம் தயாரித்தபோதே உங்கள் கருத்தைக் கேட்டுவிட்டோமே" என்பது சட்டத்தின் வாதம்.

கேட்டார்களா? கேட்டார்கள். எங்கே? மன்றக் கட்டடத்தின் கூடத்தில், மாட்டி வைத்த வரைபடத்தின் முன்னால். யாருக்குக் கேட்டது? பத்திரிகை அறிவிப்பைப் படித்தவருக்கு. அந்த அறிவிப்பைத் தமிழ்ப் பத்திரிகையில் போட வேண்டும் என்று இந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை.

ஆனால், இங்கேதான் நமக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. உள்ளூர்த் திட்டத்தின் நகல் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும்போது, நிலப்பட்டா உள்ளவர் மட்டும்தான் பேசலாம் என்ற கட்டுப்பாடு இல்லை. குறைந்தது நான்கு வாரம் அவகாசம் கொடுக்க வேண்டும். பொதுமக்கள் யாரும் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்கலாம். "என்னை நேரில் அழைத்து விசாரியுங்கள்" என்று எழுதிக் கேட்டால் விசாரணைக் குழு முன்னிலையில் பேசலாம். லயத்தில் இருப்பவர் பேசலாம். கோயில் தலைவர் பேசலாம். பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பேசலாம்.

அதாவது, கடைசிக் கட்டத்தில் நம்மை வெளியே நிறுத்தும் அதே சட்டம், முதல் கட்டத்தில் நம்மை உள்ளே விடுகிறது. நாம்தான் முதல் கட்டத்தில் போவதே இல்லை! பாட்டி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். முடிவானது அன்றைக்குத்தான். அந்த நான்கு வாரத்தில்தான்.

நம்மைப் பிரதிநிதிப்பவர் யார்?

"அதற்குத்தானே கவுன்சிலர் இருக்கிறார்?" என்று நீங்கள் கேட்கலாம். சரி, அவரை யார் தேர்ந்தெடுத்தது? நீங்களா? நானா?

இந்த நாட்டில் ஒரு காலத்தில் ஊராட்சி மன்றத் தேர்தல் இருந்தது. இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965-இல் அதை நிறுத்தி வைத்தார்கள். ஊராட்சி மன்றங்களை ஆராய அதே ஆண்டில் ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் நம்மவர், வழக்கறிஞர், செனட்டர் ஆதி நாகப்பன். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அவருடைய ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பினாங்கு மாநிலம் தேர்தலை மீண்டும் கொண்டுவர 2012-இல் சட்டம் இயற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அந்த முயற்சி தோற்றது.

ஆகவே மன்ற உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசாங்கம். குறைந்தது 8 பேர், அதிகம் போனால் 24 பேர். நியமனம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கட்சிக்கு இத்தனை இடம் என்று பங்கு போடுவார்கள். நம்மவர் ஒருவர் இருவர் இருப்பார்கள். நல்லவர்களும் இருக்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நியமித்தவர் கையில்தான் அவருடைய அடுத்த தவணை இருக்கிறது. உங்கள் கையில் இல்லை.

அதே சட்டத்தின் 10-ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? தங்கள் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கும் ஆற்றல் உள்ளவர்களையும் நியமிக்கலாம் என்கிறது. தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த ஒரு மாவட்டத்தில், தோட்டத்தில் வாழும் ஒருவர் மன்றத்தில் உட்கார வேண்டும் என்று கேட்பது பிச்சை அல்ல. சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் கேட்கிறோம்.

இன்னொன்று. 23-ஆவது பிரிவின்படி ஊராட்சி மன்றத்தின் முழுக்கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது. நீங்கள் போய் உட்காரலாம். ஆனால் குழுக்களின் கூட்டம், அந்தக் குழுவே தீர்மானித்தால் ஒழிய, திறந்தது அல்ல. நில விசயங்கள் அலசப்படுவதோ குழுக்களில். மாநில ஆட்சிக்குழுவின் ஆவணங்களோ 1972-ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நம் வீட்டைப் பற்றிய முடிவு நமக்கே இரகசியம்!

கிராமத்தில் கம்போங் குழு இருக்கிறது. பல ஆண்டுகள் ஜேகேகேகே என்று அழைக்கப்பட்டது. ஆட்சி மாற மாறப் பெயரும் மாறியது. சாலை, விளக்கு, மண்டபம் என்று கிராமத்துக்கு வேண்டியதை மாவட்ட அலுவலகத்துக்கு எடுத்துச் சொல்வது அந்தக் குழுவின் வேலை. தோட்டம் என்னவாயிற்று? "அது தனியார் நிலம்" என்ற ஒரே வார்த்தையில் தோட்டத்து மக்கள் பல காலம் கிராமப்புற மேம்பாட்டுக் கணக்குக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். கிராமத்திலேயே இருக்கிறோம், கிராமத்தார் அல்ல. நகரம் வந்தால் நகரத்தாரும் அல்ல, புறம்போக்குவாசிகள்!

நீதிமன்றம் சொன்ன ஒரு நல்ல செய்தி

எல்லாம் இருட்டு என்று சொல்லி உங்களைப் பயமுறுத்த நான் வரவில்லை. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. கோலாலம்பூர் தாமான் ரிம்பா கியாரா வழக்கு. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். பூங்காவாகக் குறிக்கப்பட்டிருந்த இடத்தில் அடுக்குமாடித் திட்டத்துக்கு மாநகர் மன்றம் கொடுத்த அனுமதியை நீதிமன்றம் இரத்து செய்ததை உறுதிப்படுத்தினார்கள். கூட்டரசுப் பிரதேசத்துக்குத் தனிச் சட்டம் உண்டு. ஆனாலும் அதில் சொன்ன கோட்பாடு நமக்கு முக்கியம். கட்டமைப்புத் திட்டம் என்பது சும்மா ஆலோசனைக் காகிதம் அல்ல, அதைத் தயாரித்த அதிகாரத் தரப்பையே அது கட்டுப்படுத்தும் என்றார்கள். அதிலிருந்து விலகினால் காரணம் சொல்ல வேண்டும் என்றார்கள்.

அந்த வழக்கில் நம் மக்களின் சோகமும் ஒன்று இருக்கிறது. அந்த நிலத்தில் 1980-களின் தொடக்கத்திலிருந்து நீளவீடுகளில் இருந்தவர்கள் யார்? பழைய புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர்களின் குடும்பங்கள். தற்காலிகம் என்று சொல்லித்தான் குடியமர்த்தினார்கள். அந்த அடுக்குமாடித் திட்டத்தோடு சேர்த்துத்தான் அவர்களுக்கு வீடு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பூங்கா காப்பாற்றப்பட்டது, அது நியாயம். ஆனால் தீர்ப்பு வந்த நாளிலும் அந்தக் குடும்பங்கள் வீட்டுக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதிலிருந்து நான் படித்த பாடம் இதுதான். வரைபடத்தில் இருப்பதற்குச் சட்டத்தின் பலம் உண்டு. வாய்வார்த்தைக்கு இல்லை. பூங்கா வரைபடத்தில் இருந்தது. நம்மவர் வீடு வாக்குறுதியில் இருந்தது.

நாம் செய்ய வேண்டியது

இனி வேலைக்கு வருவோம். எழுதிக்கொள்ளுங்கள். பேனா இல்லாதவர்கள் பக்கத்தில் உள்ள பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.

ஒன்று. வரைபடத்தைப் பார்க்க வேண்டும். இந்த வாரம் உங்களில் நான்கு பேர் ஊராட்சி மன்றத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போங்கள். உங்கள் தோட்டம் உள்ளூர்த் திட்டத்தில் எந்த வகையில் இருக்கிறது என்று கேளுங்கள். திட்டம் எப்போது கெஜட் ஆனது, மறு ஆய்வு எப்போது என்று கேளுங்கள். திட்டம் பொதுமக்களுக்கானது. முகப்பிடத்தில் இருப்பவர் நமக்கு எதிரி அல்ல, மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் பதில் கிடைக்கும்வரை கேளுங்கள்.

இரண்டு. அந்த வரைபடத்தில் நம்முடைய நான்கு இடங்களைத் தேடுங்கள்: குடியிருப்பு, கோயில், பள்ளி, இடுகாடு. கோயில் தோட்ட நிலத்தில் இருப்பதால், வரைபடத்தில் வெறும் விவசாய நிலமாகவே தெரியலாம். நம் தமிழ்ப்பள்ளிகள் பலவும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருப்பதற்கு நிலம் அரசாங்கத்துடையதாக இல்லாததும் ஒரு முக்கியக் காரணம். வரைபடத்தில் இல்லாத ஒன்றை இடிக்கிறோம் என்று எந்த அதிகாரிக்கும் உறுத்தாது. ஆகவே, மறு ஆய்வு வரும்போது நம் முதல் கோரிக்கை, "எங்களைக் குறியுங்கள்" என்பதுதான்.

மூன்று. சான்றுகளைச் சேருங்கள். பழைய மின்கட்டண ரசீது, சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், திருவிழா அழைப்பிதழ், கோயில் மணியில் பொறித்த ஆண்டு, பழைய படங்கள், எல்லாம் சான்றுதான். போன தலைமுறை இவற்றைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தது. நாம் வீடு மாறும்போது குப்பையில் போடுகிறோம். ஒருவர் வீட்டில் ஒரு கோப்பு திறந்து, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள்.

நான்கு. நகல் திட்டம் காட்சிக்கு வந்ததும் ஆட்சேபக் கடிதம் போக வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் கையெழுத்துப் போட்டு, "நேரில் விசாரிக்கப்பட விரும்புகிறேன்" என்ற வரியைச் சேர்க்க வேண்டும். இந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள். கடிதத்தின் நகலில் மன்றத்தின் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்.

ஐந்து. வாக்குறுதியை நிபந்தனையாக்குங்கள். மேம்பாட்டாளர் வந்து, "உங்களுக்கு வீடு தருகிறோம், கோயிலுக்கு நிலம் தருகிறோம்" என்பார். தேநீர் கொடுத்து அனுப்புங்கள், ஆனால் அதை நம்பி உட்கார்ந்து விடாதீர்கள். திட்ட அனுமதி கொடுக்கும்போது நிபந்தனை விதிக்க மன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. தொழிலாளர் வீடு, கோயில் நிலம், பள்ளி நிலம் ஆகியவை அந்த அனுமதிக் கடிதத்தில் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். எந்த இடம், எத்தனை சதுர அடி, பழையதை உடைப்பதற்கு முன்பா பின்பா, எல்லாம் எழுத்தில் வர வேண்டும்.

ஆறு. காலம். அனுமதியை எதிர்த்து நீதிமன்றத்தில் சீராய்வு கேட்க வேண்டுமானால், முடிவு தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். வேலியோரத்தில் ஓர் அறிவிப்புப் பலகை முளைத்தாலோ, நிலம் அளப்பவர்கள் முக்காலியோடு வந்தாலோ, உடனே படம் எடுத்துத் தேதியைக் குறித்து வையுங்கள். சிலாங்கூரிலும் பினாங்கிலும் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது, பினாங்கில் 2010, சிலாங்கூரில் 2011. அதன் கீழ் மனு போட்டுத் தகவல் கேட்கலாம். மற்ற மாநிலங்களில் உங்கள் சட்டமன்ற உறுப்பினரைக் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு கசப்பான விசயம். நான் பார்த்த பல தோட்டங்களில் அதிகாரிகளைவிட நம் பிளவுதான் நம்மைக் கெடுத்தது. ஒரு கோயிலுக்கு இரண்டு நிர்வாகம். ஒரு நிர்வாகம் "வேண்டாம்" என்று கடிதம் எழுதும். இன்னொரு நிர்வாகம் "சம்மதம்" என்று எழுதும். குழுவில் உட்கார்ந்திருப்பவர் இரண்டு கடிதத்தையும் பார்த்துவிட்டு, "இவர்களுக்கே தெரியவில்லை" என்று கோப்பை மூடிவிடுவார். ஆகவே இன்று இந்த மண்டபத்தை விட்டுப் போவதற்கு முன்பு ஒரே ஒரு குழுவை அமையுங்கள். ஏழு பேர் போதும். அதில் குறைந்தது மூன்று பேர் பெண்களாக இருக்கட்டும். வீடு போனால் முதலில் தவிப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் எளிதில் விலை போவதும் இல்லை, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மேம்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கும் நல்ல சாலை வேண்டும், மருத்துவமனை வேண்டும், சொந்த வீடு வேண்டும். லயத்திலேயே கிடக்க வேண்டும் என்பது யாருடைய ஆசையும் அல்ல. நாம் கேட்பது ஒன்றுதான். நம் வியர்வை விழுந்த மண்ணை என்ன செய்வது என்று பேசும்போது, நம்மையும் கூப்பிட்டுப் பேசுங்கள். கூப்பிடாவிட்டாலும் நாமே போய் நிற்க வேண்டும், சரியான நாளில், சரியான மேசையின் முன்னால்.

அந்தப் பாட்டியைப் போல இங்கேயும் சில பாட்டிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாளைக்கு ஒரு கடிதம் வந்து, "இது எப்ப முடிவாச்சு?" என்று நீங்கள் கேட்டால், உங்கள் பேரப்பிள்ளைகள் பதில் தெரியாமல் நிற்கக் கூடாது. "தெரியும் பாட்டி, அன்னைக்கு நாங்களும் அங்கேதான் இருந்தோம்" என்று சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை காலை மன்றத்துக்குப் போகும் நான்கு பேர் யார் யார்? கையைத் தூக்குங்கள். பெயரை எழுதிக்கொண்டுதான் நான் கிளம்புவேன்.